மெழுகுத் தலைக் கொடிகள்

மெழுகில் தோய்த்த தலைகளோடு அந்தக் கன்றுகள் வந்திறங்கிய அன்றே எனக்கு வாய் கசந்துவிட்டது. மெழுகு அரக்குச் சிவப்பில் இருந்தது. ஒவ்வொரு குச்சியின் உச்சியிலும் அது பளபளத்தது. யோல்வாஸின் வீட்டு முற்றத்தில், ஈரச் சாக்குகளின்மேல், கட்டுக்கட்டாக அவற்றைக் கிடத்தியிருந்தார்கள். எங்கள் கராதெரெக்கில் அதுவரை எவரும் திராட்சைக் கன்றை விலைக்கு வாங்கியதில்லை. இலையுதிர்ந்தபின் அண்டை வீட்டுக் கொடியில் ஒரு முழம் வெட்டி, மணலில் புதைத்துவைத்து, ஆப்ரிகாட் பூக்கும்போது எடுத்து மண்ணில் குத்துவார்கள். வேர்விட்டால் அது நட்டவருடைய கொடி. விடாவிட்டால் மறுபடியும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவார். எங்கள் ஊரின் நாற்றுப்பண்ணை அவ்வளவே.

"என்ன யோல்வாஸண்ணே, கல்யாணப் பொண்ணு மாதிரி எல்லாத்துக்கும் உதட்டுச்சாயம் பூசி எறக்கியிருக்கீங்க?" என்று டிராக்டர் ஓட்டும் இமின் வேலிக்கு அப்பாலிருந்து கத்தினான். "மாப்பிள்ளை யாரு?"

"போடா, உனக்கென்ன தெரியும். இது கபெர்னே. பிரான்சுச் சாதி."

"பிரான்சுப் பொண்ணு நம்ம ஊரு குளிருல என்னத்த உடுத்துமாம்?"

யோல்வாஸ் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியவர் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் அப்லெத், யோல்வாஸின் மனைவி ரிஸ்வான்குலுக்கு உடன்பிறந்த அண்ணன். இளமையில் அல்மாத்தி நகரத்துக்குப் போய், எதையெதையோ விற்று, கார் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். சாலை பிரியும் இடத்தில் மரத்தால் ஒரு பெரிய வீடு கட்டி, அதற்குச் சுவைமாளிகை என்று பெயர் வைத்திருந்தார். நகரத்தார் சனி ஞாயிறுகளில் வந்து ஒயினை ருசிபார்ப்பார்கள், ஆட்டுக்கறி தின்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். ஒயின் அங்கே கராதெரெக்கிலிருந்து போகவில்லை. தெற்கிலிருந்து தொட்டிவண்டியில் வந்தது. தாம் ஒரு சொட்டும் வாயில் விட்டதில்லை என்று அப்லெத் மார்பில் கைவைத்துச் சொல்வார். குடிக்காதவர் விற்பதை நான் குறைசொல்லவில்லை. விற்பது இன்னதென்று தெரிந்துகொள்ளவும் விரும்பாமல் விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாளிகையின் சன்னல்களுக்கு நேரெதிரே சாலையோரம் இருந்தது யோல்வாஸின் தோட்டம். அதில் அதுவரை நின்றது குல்ஜா திராட்சை. இளஞ்சிவப்புத் தோல், வாயில் வைத்தால் கரையும் சதை. சீனாவின் குல்ஜாவிலிருந்து எல்லை தாண்டி வந்த எங்கள் முன்னோர் துணிமூட்டைக்குள் குச்சியாகக் கொண்டுவந்த சாதி. சாலையோர வரிசைகளை அந்த வாரம் டிராக்டர் வேரோடு புரட்டிப்போட்டிருந்தது. கால்வாய்க் கரையில் நான்கு வரிசைகள் மட்டும் எஞ்சின. அவற்றை ரிஸ்வான்குல் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு கன்றை எடுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது எப்பப் பழுக்கும்?"

"அக்டோபர் கடைசியில."

"அக்டோபர் பொறந்தாலே இங்க பனி கொட்டுமே. பழமும் பழுக்காது, கொடியும் பழுக்காது."

"பழுக்காட்டிப் போகுது. இதுலயா ஒயின் காய்ச்சப்போறேன்? பேரு வேணும்மா, பேரு. குல்ஜான்னு சொன்னா, அல்மாத்திக்காரன் அது ஏதோ கழுதைச் சந்தைன்னு நெனைக்கிறான். கபெர்னேன்னு சொல்லு, கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுப் பாக்குறான்."

"பாத்துட்டு?"

"படம் எடுப்பான். போட்டு நாலு பேருக்குக் காட்டுவான். அந்த நாலு பேரும் வருவாங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு சாதியைத் தேர்ந்தெடுக்கிறவர் பழத்தின் ருசியை முதலில் கேட்கமாட்டார். கொடி எப்போது பழுப்பாகிறது என்பதையே கேட்பார். கோடையில் ஓடிய பச்சைத்தண்டு, பனி விழுமுன் மரமாகி, ரொட்டியின் மேலோடு போலப் பழுப்பேறிவிட வேண்டும். பச்சையாகவே நிற்கும் தண்டு மண்ணுக்குள் புதைத்தாலும் அழுகிவிடும். இதைக் கராதெரெக்கின் கோழிகளும் அறியும். யோல்வாஸ் அரசுத் தோட்டத்தில் வேலைக்குழுத் தலைவராக இருந்தவர். இருட்டில் இலையைத் தடவியே சாதியைச் சொல்லக்கூடியவர். அறியாமல் செய்திருந்தால் நான் வருந்தியிருப்பேன். அவர் அறிந்தே செய்தார்.

நட்ட முறையும் அவ்வாறே. எங்கள் கொடிக்கு அடிமரம் இல்லை. மண்ணிலிருந்தே விசிறிபோலச் சாய்ந்து கிளம்பும்படி வளர்ப்போம். இலையுதிர்ந்ததும் அதே சாய்வில் தரையில் படுக்கவைத்து, குளிரில் சாகாதபடி மண்ணால் மூட வேண்டும் அல்லவா? அப்லெத் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதில் கொடிகள் மார்பளவு உயரத்துக்கு அடிமரத்தோடு, சிப்பாய்கள் போல நிமிர்ந்து நின்றன. அவ்வாறே வேண்டும் என்றார். யோல்வாஸ் அவ்வாறே கம்பு நட்டுக் கட்டினார். "இனிமே எங்க வீட்டுக் கொடி மண்ணுல புரளாது" என்று தேநீர்க்கடையில் சொல்லவும் செய்தார்.

மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்தக் கொடிகளின் அடிமரம் மணிக்கட்டுப் பருமன் ஆகியிருந்தது. அவற்றில் பழுத்த குலையை ஒருவரும் பார்த்ததில்லை. புளிப்பில் காது கூசும் பச்சைக்காய்களே ஒவ்வோர் ஆண்டும் பனியில் கருகின. முதல் இரு குளிர்களும் கருணை காட்டின. கொடியும் இளமையாக இருந்ததால் யோல்வாஸ் அதை ஓரளவு வளைத்து, அப்லெத் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, மண்போட்டு மூடிவிட்டார். இந்த ஆண்டு அது வளையும் வயதைக் கடந்துவிட்டது.

நவம்பர் தொடக்கத்தில் ஊரெங்கும் புதைப்புவேலை. அதை நாங்கள் ஹஷர் முறையில் செய்கிறோம். இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம். கூலி இல்லை, தோட்டத்துக்காரர் சோறு போட வேண்டும். பிறர் தோட்டத்துக்குப் போகாதவரின் தோட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அன்று பாதெம் அக்காவின் தோட்டம். ஆண்கள் கம்பியிலிருந்து கட்டுகளை அறுத்து, வெட்டிய கொடிகளை ஒரே பக்கமாகச் சீவிய தலைமயிரைப் போலப் படுக்கவைத்து, மரக்கொக்கிகளை அடித்துக்கொண்டு போனார்கள். இமினின் டிராக்டர் வரிசைகளின் நடுவிலிருந்து மண்ணைப் புரட்டி இருபுறமும் தள்ளியது. பெண்கள் பின்னால் மண்வெட்டியோடு வந்து ஓட்டைகளை அடைத்தார்கள். மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர வேண்டும். அன்று அப்படித்தான் இருந்தது. அலத்தாவ் மலைமேல் மேகம் அரிசிமாவு நிறத்தில் தேங்கியிருந்தது.

பேச்சு தானாகவே சாலையோர வரிசைகளுக்குப் போயிற்று.

"ஏன் ரிஸ்வான், உங்க வீட்டுக் கொடிக்கு முதுகு வளையாதாமே?" என்றாள் பாதெம் அக்கா. "கொடிக்கு வளையாட்டி என்ன, உன் புருஷனுக்கு உங்கண்ணன் முன்னால நல்லாத்தான் வளையுது."

"யோல்வாஸ்னாலே புலின்னுதான அர்த்தம்க்கா. புலி படுக்குமா?" என்றான் இமின்.

"ஏன் படுக்காது? பனி விழுந்தா எல்லாப் புலியும் படுக்கும். பாடையில."

எல்லாரும் சிரித்தார்கள். ரிஸ்வான்குல் நிமிரவில்லை. "பேசுற வேகத்துக்கு மண்ணையும் போடுங்க இமின் தம்பி. ஓட்டை விட்டுட்டுப் போறீங்க, எலி குடும்பம் நடத்தும்" என்றாள்.

நண்பகலில் லக்மன் வந்தது. கையால் இழுத்த மாவிழைமேல் ஆட்டுக்கறியும் மிளகாயும் பூண்டும் ஊற்றிய குழம்பு. கிண்ணங்களைப் பற்றிக்கொண்டு எல்லாரும் உறிஞ்சினார்கள். ரிஸ்வான்குல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. டீ குடிக்கிற மாதிரி வாங்க. அவருகிட்டப் பேசணும். நான் பேசினா அண்ணன் பேச்ச எடுத்து எம்மேலயே எறியிறாரு."

போனேன். பாலேடு மிதக்கும் உப்புத்தேநீரும், பூசணி அடைத்துச் சுட்ட சம்சாவும் வைத்தாள். யோல்வாஸ் சுவரோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

"இங்க பாருங்க," என்று அவள் தொடங்கினாள். "நாளைக்கு ஹஷர் நம்ம தோட்டத்துக்கு. ஆள் இருக்கு, மண்ணும் பதமா இருக்கு. ரோட்டோரத்தையும் சேத்துப் புதைச்சிருவோம்."

"மச்சான் வேணாம்னு சொல்லியிருக்காரு. டிசம்பர்ல படமெடுக்க ஆள் வருதாம். பனியில கொடி நிக்கணுமாம்."

"பனியில நிக்கிற கொடியா? பனியில நிக்கிற பொணம்னு சொல்லுங்க."

"ஏய்."

"என்ன ஏய்? எங்கண்ணனைச் சட்டை இல்லாம ஜனவரியில அந்தக் கம்பியில கட்டி நிறுத்துங்க. அவரு தாங்கினா கொடியும் தாங்கும்."

யோல்வாஸ் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க. நிலத்தக் குடுத்தாச்சு, பேச்சும் குடுத்தாச்சு. அவரு சொல்றதக் கேட்டுத்தான ஆகணும்?"

"அரசுத் தோட்டத்துல ஒரே ஒரு கொடிய மூடாம விட்டவனை நீ ஊர் நடுவுல நிறுத்தி ஏசின. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

"அது அரசாங்கக் கொடி."

"அது குளிருக்குத் தெரியுமா யோல்வாஸ்?"

அவர் பிய்த்த ரொட்டித்துண்டுகளைத் திரும்ப ஒன்றாகக் கூட்டிவைத்தார்.

மறுநாள் விடிந்ததும் ரிஸ்வான்குல் தனியாகச் சாலையோரம் போனாள். ஒரு கொடியின் அடியில் ஒரு பக்கம் மட்டும் மண்ணைத் தோண்டி வேரைத் தளர்த்தி, தோளைக் கொடுத்து மெல்லத் தள்ளினாள். அது முழங்கால் உயரம்வரை சாய்ந்தது. அதன்பின் காய்ந்த எலும்பு முறிவதைப் போன்ற ஓசை கேட்டது. சத்தம் கேட்டு யோல்வாஸ் ஓடிவந்தார். நானும் வேலியருகே போனேன்.

"ஒடச்சிட்டியா? அடி பாவி, ஒடச்சிட்டியா?"

"மூணு வருஷமா நிமித்தி நிமித்தி ஒடச்சது நீங்க. சத்தம்தான் இன்னிக்குக் கேட்டுச்சு." அவள் குனிந்து முறிந்த இடத்தைத் தடவினாள். தரைக்கு ஒரு சாண் மேலே, முன்பு மெழுகு இருந்த இடத்தில், முழங்கை மூட்டு போல ஒரு முண்டு. அங்கேதான் பிளந்திருந்தது. "இதப் பாருங்க வாத்தியாரே. கீழ ஒரு கொடி, மேல ஒரு கொடி. ரெண்டு வேற சாதிய ஒட்டுப் போட்டுத் தந்திருக்கான். தலை மட்டுந்தான் பிரான்சு. காலு எந்த ஊரோ."

"எல்லா நாட்டுலயும் அப்படித்தான் பண்றாங்களாம்" என்றார் யோல்வாஸ்.

"பண்ணட்டும். அவங்க ஊருல தலை சாகாது."

அன்றைய ஹஷரில் கால்வாய்க் கரையின் நான்கு வரிசைகள் மட்டும் மண்ணுக்குள் போயின.

சாலையோரத்துக்கு அப்லெத் ஒரு வழி வைத்திருந்தார். கறுப்பு நெகிழித்தாளும், மாளிகையின் பழைய கம்பளிகளும் ஏற்றிக்கொண்டு வந்தார். கொடிகளைச் சுற்றிவிடலாம், படமெடுக்கிற அன்று மட்டும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்றார். பெரிய கொப்பரையில் புலாவ் கிண்டச் சொன்னார். முந்தின நாள் பழித்துச் சிரித்த அத்தனைபேரும் வந்தார்கள். கொழுப்பு மினுங்கும் கைகளால் கயிற்றை முடிந்தார்கள். "நல்ல யோசனை அப்லெத்தண்ணே, எங்களுக்குத் தோணலையே" என்றான் இமின். புலியின் பாடையைப் பற்றிப் பேசிய பாதெம் அக்கா, ஆட்டுவால் கொழுப்புத் துண்டாகத் தேடித் தேடித் தின்றாள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. பசியோடே நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

படமெடுப்பவர்கள் வந்தார்கள், அவிழ்த்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். ஜனவரி நடுவில் பனி இளகி மழையே பெய்தது. நெகிழித்தாளின் உட்புறம் வியர்த்து, கம்பளிகள் ஊறின. அடுத்த வாரமே சிலிக் ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று திரும்பியது. உமிழ்ந்த எச்சில் தரையைத் தொடுமுன் உறையும் குளிர். கிணற்று வாளியின் கைப்பிடி ஒட்டிக்கொண்டு பாதெம் அக்காவின் உள்ளங்கைத் தோலை உரித்தது.

ஆப்ரிகாட் பூத்தபோது ரிஸ்வான்குல் தன் வரிசைகளைத் திறந்தாள். மண்ணை விலக்கியபின் கொடிகள் ஈரமாக, பழுப்பாக, தூக்கம் கலையாத முகத்தோடு கிடந்தன. நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. அதே நாளில் யோல்வாஸ் சாலையோரத்துத் தாள்களை அவிழ்த்தார். துவைக்காமல் மூட்டைகட்டிய ஈரத்துணியின் வீச்சமும் செத்த எலியின் நாற்றமும் ஒன்றாக வந்து அடித்தன. அவர் பேனாக்கத்தியை எடுத்து ஒரு மொட்டைக் குறுக்கே வெட்டினார். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. முதல் மொட்டிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவர் ஒன்றையும் விடாமல் வரிசையின் கோடிவரை வெட்டிக்கொண்டே போனார். அவருடைய முதுகைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. அருவருப்பே வந்தது. அந்த மனிதர் மொட்டுக்காகக்கூட அழவில்லை. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றே அழுதார்.

அவர் அஞ்சியிருக்க வேண்டியதில்லை.

"நிக்குதுல்ல?" என்றார் அப்லெத். "விழலையே. அப்ப என்ன?"

"செத்துப்போச்சு மச்சான். எல்லாமே செத்துப்போச்சு."

"செத்தாலும் நிக்குதே. அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

மிச்சம் அட்டைப்பெட்டிகளில் வந்தது. நெகிழியால் செய்த இலைகள், நெகிழியால் செய்த கருநீலக் குலைகள். பெட்டியைத் திறந்ததும் செருப்புக்கடை வாசம். யோல்வாஸ், ஒரு காலத்தில் பிழையாக வெட்டிய ஒரு கிளையைக்கூடப் பொறுக்காத அந்த யோல்வாஸ், ஏணியில் ஏறிச் செத்த கொடிகளில் அவற்றைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். இமினின் ஆடு ஒன்று வேலியைத் தாண்டி வந்து ஒரு குலையைக் கடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடியே நெடுநேரம் நின்றது. அந்தத் தெருவில் அன்று வெட்கப்பட்ட உயிர் அது ஒன்றுதான்.

ஜூனில் ஒரு காலை, யோல்வாஸ் என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"வாத்தியாரே! வாங்க, வந்து பாருங்க! உயிர் வந்துருச்சு!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு செத்த கொடியின் அடியிலிருந்தும், மண்ணைப் பிளந்துகொண்டு, பச்சைத்தளிர்கள் பீறிட்டிருந்தன. சில நாள்களிலேயே அவை முழங்கை நீளம் ஓடியிருந்தன. இலைகள் எண்ணெய் தேய்த்தவை போல மினுங்கின. அப்லெத்தும் வந்திருந்தார். ரிஸ்வான்குல் கால்வாய்ப்பக்கமிருந்து வந்து, ஓர் இலையைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் விரித்தாள்.

"இது கபெர்னே இல்ல."

"ஆரம்பிச்சிட்டா" என்றார் அப்லெத்.

"கபெர்னே இலைன்னா அஞ்சு விரலாப் பிரிஞ்சு, நடுவுல கண்ணு கண்ணா ஓட்டை இருக்கும். மூணு வருஷம் பாத்திருக்கேன். இதப் பாருங்க, குதிரைக் குளம்பு மாதிரி. முண்டுக்குக் கீழேர்ந்து வருது. தலை செத்துப்போச்சு, காலுதான் முளைக்குது. காட்டுக்கொடி இது. பூக்கும், காய்க்காது." அவள் கணவரிடம் திரும்பினாள். "இருட்டுல தடவிச் சொல்லுவீங்களே. வெளிச்சத்துல சொல்லுங்க, இது என்ன?"

யோல்வாஸ் அந்த இலையைப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும் ரிஸ்வான். வாய மூடு."

கராதெரெக்கில் என் வாழ்நாளில் நான் கேட்ட சொற்களில் இவற்றைவிட இழிந்தவை வேறு இல்லை. அப்லெத் சிரித்தார்.

"காய்க்காட்டி என்னம்மா, குலைதான் பெட்டியில இருக்கே. எவ்வளவு பச்சையா இருக்கு பாரு! இதுக்குக் குளிரு தாங்குமா மாப்பிள்ளை?"

"தாங்கும்" என்றார் யோல்வாஸ். "எந்தக் குளிரும் தாங்கும். புதைக்கவே வேணாம்."

"அப்பறம் என்ன! இதத்தான நான் மொதல்லேர்ந்து சொல்றேன், புதைக்கிற வேலையே கூடாதுன்னு!" அவர் திரும்பிக் கால்வாய்க் கரையைக் காட்டினார். "அந்த நாலு வரிசைதான் பாக்க அசிங்கமா இருக்கு. தரையில பாம்பு மாதிரி கெடக்குது. ஆகஸ்ட் முடிஞ்சதும் எடுத்துருவோம். கார் நிறுத்த எடம் பத்தல."

"சரி மச்சான்" என்றார் யோல்வாஸ்.

"யாரு சரி சொல்றது?" ரிஸ்வான்குல் அண்ணனுக்கு நேரே வந்து நின்றாள். "அந்தக் கொடி நம்ம அம்மா வெட்டிக் குடுத்த குச்சி. எனக்கு மட்டும் அம்மாவா? ஒயின் ஆலைக்காரன் வருஷா வருஷம் வந்து வாங்கிட்டுப் போறது அந்தப் பழத்தத்தான். அது போனா இந்த வீட்டுல பிளாஸ்டிக்கத்தான் அவிச்சுத் திங்கணும்."

"உனக்கு நான் சம்பளம் தர்றேன், சமையல்கட்டுல நில்லு."

"உங்க சமையல்கட்டுல நிக்கிறேன். வரிசையத் தொட்டீங்கன்னா உங்க டிராக்டருக்கு முன்னால நிக்கிறேன்."

ஆகஸ்டு போயிற்று. டிராக்டர் வரவில்லை, விருந்தாளிக் கூட்டத்தில் அப்லெத்துக்கு நேரம் வாய்க்கவில்லை. செப்டம்பரில் அறுவடை விழா என்று ஒன்றை அறிவித்தார். நகரத்தார் தம் கையாலேயே குலை பறிக்கலாம் என்று விளம்பரம். நெகிழியை எவ்வாறு பறித்துத் தின்பார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதற்கும் வழி இருந்தது. விழாநாள் காலையில், ரிஸ்வான்குல் பசுவைக் கறந்துகொண்டிருந்தபோது, யோல்வாஸ் அவளுடைய நான்கு வரிசைகளுக்குள் நுழைந்து, பழுத்த குல்ஜாக் குலைகளைக் கூடைகூடையாக வெட்டினார். அவற்றைக் காட்டுக்கொடிகளின் குளம்பிலைகளுக்கு நடுவே, நெகிழிக் குலைகளுக்குப் பக்கத்தில், மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். அண்டை வீட்டார் உதவினார்கள். சம்சா கொடுத்திருப்பார்கள்.

கூட்டம் வந்தது. கைகளில் புத்தம்புதிய கத்தரிகளும் வைக்கோல் தொப்பிகளும் கொடுத்தார்கள். ஒரு பெண்மணி ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்களை மூடினார்.

"அப்பா, என்ன ருசி! இதென்ன சாதி?"

யோல்வாஸ் கூடையைப் பார்த்தபடி நின்றார்.

"கபெர்னே" என்றார் அப்லெத். "நம்ம மண்ணுல வெளஞ்சதும் நெறம் இளஞ்சிவப்பாயிடும்."

மாளிகைச் சமையற்கட்டு வாசலில் ரிஸ்வான்குல் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. இடுப்புத்துணியில் செருகியிருந்த கொடிவெட்டியை உருவிக்கொண்டு வரிசையின் கோடிக்குப் போனாள். அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு குலையாகக் கம்பியை வெட்டினாள். தன் குலைகளை இடுப்புத்துணியை விரித்து ஏந்தினாள். நெகிழிக் குலைகளைத் தரையில் விழவிட்டாள். அவை கற்களில் பட்டுக் கலகலவென்று துள்ளின. அவள் அவசரப்படவில்லை. கூட்டத்தின் கத்தரிகள் நின்றன. அப்லெத்தின் முகம் வெளிறிற்று. இப்போதாவது ஒருவர் கேட்பார், இது என்ன என்று ஒரே ஒருவர் கேட்பார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாரும் கைபேசிகளைத் தூக்கிப் படம்பிடித்தார்கள். அவள் கடைசிக் கொடியை அடைந்தபோது கைதட்டினார்கள்.

"இந்த ஊர்ச் சடங்கா?" என்று அந்தப் பெண்மணி நெகிழ்ச்சியோடு கேட்டார்.

அப்லெத்துக்கு மூச்சு வந்தது. "ஆமாங்க. பழைய வழக்கம். பொம்பளைங்க மட்டும் செய்றது" என்றார். பிறகு தங்கையின் அருகே போய், மெல்லிய குரலில், மனமாரச் சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்துச்சு தங்கச்சி. அடுத்த வாரமும் இதே மாதிரி செஞ்சிரு. அந்த நாலு வரிசைய எடுக்க வேணாம், போ. குலை வேணும்ல நமக்கு."

அவ்வாறு காப்பாற்றப்பட்டன அந்த நான்கு வரிசைகள்.

ரிஸ்வான்குல் சமையற்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் கம்பித்துண்டைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்மணி படம் எடுத்துக்கொள்ளலாமா என்று தலையை நீட்டினார். ரிஸ்வான்குல் ஒரு குலையைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க. இதுக்குப் பேரு குல்ஜா."

"வெளியில வேற பேரு சொன்னாங்களே?"

"வெளியில இருக்கிறது வேற."

பெண்மணி இரண்டு பழம் தின்றார், படம் எடுத்துக்கொண்டார், போனார்.

நவம்பர் வந்தது. பாதெம் அக்கா, இமின், எல்லாரும் மண்வெட்டியோடு கால்வாய்க் கரைக்கு வந்தார்கள். ரிஸ்வான்குல் எல்லார் தோட்டத்துக்கும் போயிருந்தாள். ஆகவே வராமலிருக்க ஒருவராலும் முடியவில்லை. கொடிகள் ரொட்டிமேலோடு போலப் பழுத்திருந்தன. பாதி வேலையில் யோல்வாஸ் வந்தார். கையில் மண்வெட்டி.

"இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் ரிஸ்வான்குல். "உங்க கொடி அங்க நிக்குதே. போய்ப் பக்கத்துல நில்லுங்க, ஜோடியா இருக்கும்."

இமின் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான். யோல்வாஸ் முழங்காலிட்டு ஒரு கொடியைக் கையில் எடுத்தார். அடியில் ஒரு கை, நடுவில் ஒரு கை. குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல அதை ஒரு முறுக்கு முறுக்கி, ஓசையில்லாமல் படுக்கவைத்தார். அந்த ஊரில் அவரைப்போல அதைச் செய்ய வேறு ஆள் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கூடியது.

வரிசையின் கோடிக்கு வந்ததும் அவர் தலை நிமிராமல் சொன்னார்: "அடுத்த வருஷமும் குலை வேணும்ங்கிறாரு மச்சான். நெறைய வேணுமாம்."

"மொதல்ல மூடுங்க" என்றாள் அவள். "ஓட்டை இல்லாம மூடுங்க. நீங்க செய்யத் தெரிஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான்."

அன்று மாலையே பனி பெய்தது. காலையில் கால்வாய்க் கரையில் கொடி இருந்ததற்கு அடையாளமே இல்லை. நான்கு வெள்ளை வரப்புகள் மட்டும் தெரிந்தன. அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாலையோரத்தில் காட்டுக்கொடிகள் செத்த கபெர்னேயின் தோளைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றன. திரும்பக் கட்டிய நெகிழிக் குலைகளின்மேல் பனி குல்லாய் வைத்திருந்தது. கார்கள் நின்றன, ஆள்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுக் குளிர் முந்தின ஆண்டுக் குளிரைவிடக் கொடியது. சாலையோரக் கொடிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.